பாதிக்குப் பாதியா, அறுபது நாற்பதா? கோட் எழுதுபவரும் வியாபாரம் பார்ப்பவரும் பங்கு பிரிக்கும் வழிகள்

ஒருவர் கிழக்கிலங்கையில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்து, வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவர். மற்றவர் மில், மெசின், கடை என்று வளர்ந்து, ஊரில் பாதிப் பேரின் போன் நம்பரைக் கையில் வைத்திருப்பவர். இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கம்பனி போடுவோம் என்று பேசத் தொடங்கினால், சீக்கிரமே அந்தக் கேள்வி வந்து நடுவில் உட்கார்ந்துவிடும்: யாருக்கு எவ்வளவு?

பேச வசதியாக ஒரு கற்பனைச் சோடியை வைத்துக்கொள்கிறேன். ஒருவர் கல்லடிக்காரர், வயதில் இளையவர். மற்றவர் சம்மாந்துறைக்காரர், குடும்பத்துக்கு அரிசி மில் இருக்கிறது. அவர் இவரைத் தம்பி என்பார், இவர் அவரை நானா, அதாவது அண்ணன், என்பார். செய்யப்போவது வெட்டு மெசினை, அதாவது நெல் அறுக்கும் இயந்திரத்தை, முன்கூட்டியே பதிவு செய்யும் செயலி. பெரும்போக அறுவடை நேரத்தில் எல்லாருக்கும் ஒரே கிழமையில் மெசின் வேண்டும், மழை மிரட்டும், வெளிமாவட்டத்தில் இருந்தும் மெசின்கள் வந்து இறங்கும். எந்த மெசின் எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிக்கு, எப்போது போகும் என்பது இன்று தரகரின் சட்டைப்பையில் கிடக்கும் கொப்பியில்தான் இருக்கிறது. அதைப் போனுக்குள் கொண்டுவருவதுதான் திட்டம்.

கல்லடிக்காரர் எட்டு மாதம் முழுநேரமாக, சம்பளமில்லாமல் செயலியை எழுதுகிறார். வெளியே வேலை செய்தால் மாதம் 150,000 ரூபா உழைக்கக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். சம்மாந்துறைக்காரர் மில்லையும் பார்த்துக்கொண்டு அரைநேரம் வருகிறார். அவருடைய அரைநேரத்தை மாதம் 60,000 என்று போடலாம். அதோடு கைக்காசு 5 லட்சம் போடுகிறார்.

இந்த விபரத்தை வைத்துக்கொண்டு கல்லடிக்காரருக்கு 45 வீதம் என்றும் நியாயம் பேசலாம், 71 வீதம் என்றும் நியாயம் பேசலாம். எப்படி என்பதைப் பின்னால் காட்டுகிறேன்.

பங்குக்கு முன் மூன்று கணக்கு

பங்குச் சண்டை என்று வெளியே தெரிவதில் பெரும்பகுதி, உண்மையில் காசுச் சண்டையும் சம்பளச் சண்டையும்தான். "நான்தானே தம்பி காசு போட்டது" என்பதும், "நான் எட்டு மாசம் ஒரு சதம் எடுக்கல்ல நானா" என்பதும் முடிந்துபோன விடயங்கள். அவற்றுக்கு விலை உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிடலாம். பங்கு அப்படியல்ல. கம்பனி உயிரோடு இருக்கும் வரை அது கூடவே வரும். ஒரு முறை செய்த உதவிக்குப் பங்கால் கடன் அடைத்தால், பத்து வருடம் அடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். போட்ட 5 லட்சத்தைக் கம்பனி அவருக்குத் திருப்பித் தரவேண்டிய கடனாகப் புத்தகத்தில் ஏற்றுங்கள். வாங்காத சம்பளத்தை, முழுவதையும் இல்லாவிட்டாலும் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு தொகையை, காசு வரும்போது தரவேண்டிய பாக்கியாக எழுதுங்கள். அதற்குப் பிறகு மிச்சமிருப்பதுதான் பங்கு. இனிமேல் யார் என்ன செய்யப்போகிறார் என்பதற்காகக் கொடுப்பது.

இங்கே நம் பக்கத்தில் ஒரு சிக்கல் வரும். சம்மாந்துறைக்காரர் முஸ்லிம், வட்டி எடுக்க மாட்டார். வட்டியில்லாக் கடன் என்று எழுதினால் அவருக்கு மனச்சாட்சிக்கு நிம்மதி, ஆனால் கணக்குக்கு நட்டம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை போனதைப் பார்த்தவர்கள் நாம். நாலு வருடம் சும்மா கிடந்து திரும்பி வரும் 5 லட்சம், பழைய 5 லட்சமாக இருக்காது. அப்படியானால் அந்தக் காசுக்கென்று தனியாக ஒரு சிறு பங்கை, உதாரணத்துக்கு 6 வீதம் என்று, முதலிலேயே ஒதுக்கிவிட்டு மிச்சத்தை இருவரும் பிரிக்கலாம்.

இஸ்லாமிய வணிக முறையில் இந்தப் பிரிப்பு ஏற்கனவே தெளிவாக இருக்கிறது. முழாரபாவில் ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார். இலாபம் பேசிய விகிதத்தில் பிரியும். நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குக் காசு போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். முஷாரகாவில் இருவரும் முதல் போடுவார்கள். இலாப விகிதத்தைப் பேசித் தீர்மானிக்கலாம், நட்டம் மட்டும் போட்ட முதலின் அளவுக்கே. காசையும் உழைப்பையும் ஒரே தராசுத் தட்டில் போட்டுக் குழப்பக்கூடாது என்ற புத்தி அதில் இருக்கிறது. ஸ்டார்ட்அப் பற்றிய அமெரிக்க அறிவுரைகளைவிட இதை மில் முதலாளி ஒருவருக்கு விளங்கப்படுத்துவது சுலபம்.

பாதிக்குப் பாதி

அதிகம் பேர் எடுக்கும் வழி இதுதான். காரணம் பெரும்பாலும் யோசனை அல்ல, முகதாட்சண்யம். நண்பரிடம் போய் "எனக்கு 58 வீதம் வேணும்" என்று எப்படிக் கேட்பது?

சட்டமும் பேசாமல் விட்டவர்களுக்கு இதையே கொடுக்கிறது. கம்பனி பதியாமல், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரை மட்டும் பதிந்து பங்குடைமையாக நடத்தினால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து இலாபம் சமமாகப் பிரியும், கடனுக்கு இருவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பங்குடைமையின் மூலதனம் 1,000 ரூபாவைத் தாண்டினால் உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும் என்பது அதில் உள்ள விதி. ஒரு பழைய லப்டொப்பின் விலைகூட இன்று அதைத் தாண்டும். வாய்ப்பேச்சுப் பங்குடைமையை நம்பி நீதிமன்றம் போக நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

சமமாகப் பிரிப்பதற்கு நல்ல வாதம் உண்டு. புதுக் கம்பனிகளுக்குக் காசும் வழிகாட்டலும் கொடுக்கும் அமெரிக்காவின் வை காம்பினேட்டரில் இருந்த மைக்கேல் சீபல் இதை வலியுறுத்துபவர்களில் ஒருவர். பெறுமதியான கம்பனி ஒன்றை உருவாக்க 7 முதல் 10 வருடம் எடுக்கும், முதல் வருடத்துச் சின்ன வித்தியாசங்களை வைத்துப் பங்கில் பெரிய இடைவெளி போடக்கூடாது என்பது அவர் பக்கம். எதிர்ப்பக்கத்தில் தோமஸ் ஹெல்மன், நோம் வாசர்மன் என்ற இரு ஆய்வாளர்களின் வேலை இருக்கிறது. சமமாகப் பிரித்த அணிகள் முதல் முதலீட்டுச் சுற்றில் குறைந்த மதிப்பீட்டைப் பெற்றிருந்தன என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் சமப் பங்குதான் காரணம் என்று இதை வாசிக்கக்கூடாது. கஷ்டமான பேச்சைத் தவிர்த்து அவசரமாகக் கைகுலுக்கிய ஆட்கள் மற்ற விடயங்களிலும் அப்படித்தான் இருப்பார்கள் என்பதே அதில் எனக்குத் தெரியும் பாடம். பேசித் தீர்த்துச் சமம் என்று வந்தால் அது வேறு, பேசப் பயந்து சமம் என்று விட்டால் அது வேறு.

பாதிக்குப் பாதியின் உண்மையான பிரச்சினை முட்டுக்கட்டை. இருவரும் ஒத்துவராவிட்டால் ஒரு தீர்மானமும் நிறைவேறாது. 1976 ஏப்ரல் 1 ஆம் திகதி அப்பிள் தொடங்கப்பட்டபோது இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வொஸ்னியாக் தொழில்நுட்பம், ஜொப்ஸ் வியாபாரம், ஆளுக்கு 45 வீதம். மிச்சம் 10 வீதம் ரொனால்ட் வேய்ன் என்ற மூத்தவருக்கு. இருவரும் முட்டிக்கொண்டால் தீர்த்துவைப்பது அவர் வேலை. அது பங்குடைமையாக இருந்ததால் கடன் வந்தால் தன் சொந்தச் சொத்துக்கு ஆபத்து என்று பயந்து, 12 நாளில் 800 டொலருக்கு அவர் விலகிவிட்டார். அவரைப் பரிதாபமாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். நான் பார்ப்பது வேறு: ஏற்பாடு சரியானது, அதை வைத்த பாத்திரம்தான் பிழை. கடன் சொந்தச் சொத்தைத் தொடாத, வரையறுத்த பொறுப்புள்ள கம்பனியாக இருந்திருந்தால் அவருக்கு ஓடவேண்டிய தேவை இருந்திராது.

நம் சோடிக்கும் அப்படி ஒருவரை வைக்கலாம். இருவரும் மதிக்கும் ஒரு கணக்காளருக்கோ பழைய விரிவுரையாளருக்கோ 2 வீதம் போதும். மாமா, மச்சான் வேண்டாம். அது தீர்ப்பு ஆகாது, கலியாணப் பேச்சு ஆகிவிடும். இன்னொரு வழி விடயத்தைப் பிரிப்பது: செயலிக்குள் என்ன இருக்கவேண்டும் என்பதில் கல்லடிக்காரரின் சொல் இறுதி, மெசின்காரரிடம் எவ்வளவு தரகு எடுப்பது என்பதில் சம்மாந்துறைக்காரரின் சொல் இறுதி. அதையும் மீறினால் 1995 ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நடுவர் என்று உடன்படிக்கையில் எழுதலாம்.

மேலைநாட்டு ஒப்பந்தங்களில் இன்னொரு வழியும் இருக்கும். ஒருவர் ஒரு விலை சொல்வார், மற்றவர் அந்த விலைக்கு வாங்கவேண்டும், அல்லது அதே விலைக்கு விற்கவேண்டும். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் ஒருவருக்கு மில் இருக்கிறது, மற்றவருக்கு லப்டொப் இருக்கிறது. காசு புரட்டக்கூடியவர் எப்போதும் வாங்குபவர், புரட்ட முடியாதவர் எப்போதும் விற்பவர். கோட் எழுதுபவர் இந்த வரிக்குக் கீழே கையொப்பம் வைக்கக்கூடாது.

ஒருவருக்குக் கூட

அறுபது நாற்பதுக்கும் பேர்போன உதாரணம் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட்டில் பில் கேட்ஸும் போல் அலனும் 60–40 என்று தொடங்கினார்கள், பிறகு 64–36 ஆனது. அலன் அப்போது வேறு கம்பனியில் சம்பளத்துக்கு இருந்தார், பேசிக் என்ற கணினி மொழிக்கான வேலையில் தன் பங்கு கூட என்பது கேட்ஸின் வாதம். இருவரும் கோட் எழுதுபவர்கள்தான். வேறுபாடு முழுநேரமா இல்லையா என்பதில் வந்தது. வீதம் பேசும்போது முதலில் பார்க்கவேண்டியதும் அதுதான். தொழில்நுட்பமா வியாபாரமா என்பது அடுத்த கேள்வி.

ஆனால் இலங்கையில் இந்த வீதங்களைப் பேசுபவர்கள் பலர் ஒரு விடயத்தைக் கவனிப்பதில்லை. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் வாக்குகளுக்கு இரண்டு படிதான். சாதாரண தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வேண்டும். விசேட தீர்மானத்துக்கு 75 வீதம் வேண்டும். அமைப்பு விதிகளை, அதாவது கம்பனி எப்படி நடக்கவேண்டும் என்று எழுதிவைத்த விதிகளை, மாற்றுவது, பெரும் கொடுக்கல் வாங்கல்கள், கம்பனியைக் கலைப்பது எல்லாம் விசேட தீர்மானம். பணிப்பாளரை நீக்குவது, விதிகள் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், சாதாரண தீர்மானம்.

இதை வைத்துப் பாருங்கள். 51 வீதம் வைத்திருப்பவருக்கும் 70 வீதம் வைத்திருப்பவருக்கும் அதிகாரத்தில் வித்தியாசம் இல்லை. இருவரும் மற்றவரைப் பணிப்பாளர் கதிரையில் இருந்து இறக்கலாம், இருவராலும் தனியே விதியை மாற்ற முடியாது. வித்தியாசம் காசில் மட்டும். "51–49 தானே, கிட்டத்தட்டச் சமம்தானே தம்பி" என்று யாராவது சொன்னால், அது காசுக்கு உண்மை, கதிரைக்குப் பொய். அந்த 1 வீதம் மற்ற 49 ஐயும்விடப் பாரமானது. அதே நேரம், 25 வீதத்துக்கு மேல் ஒரு சொட்டு வைத்திருப்பவரும் சும்மா இல்லை. விசேட தீர்மானங்களை அவரால் மறிக்கலாம்.

முதலீட்டாளர் வந்ததும் இந்தப் படிகள் நகரும். புதிதாக வெளியிடும் பங்குகளால் அவருக்கு 20 வீதம் போகிறது என்று வைப்போம். 50–50 என்று இருந்தவர்கள் 40–40 ஆவார்கள், யார் முதலீட்டாளரோடு சேர்கிறாரோ அவர் பக்கம் வெற்றி. 60–40 ஆக இருந்தது 48–32 ஆகும். பெரிய பங்காளி தன் பெரும்பான்மையை இழந்துவிட்டார், அதற்காக அவர் ஒரு வருடம் நண்பரோடு சண்டை பிடித்தது வீண். 70–30 ஆக இருந்தது 56–24 ஆகும். இப்போது பெரியவருக்கு அதிகாரம் அப்படியே இருக்கிறது, சின்னவர் மட்டும் மறிக்கும் பலத்தை இழக்கிறார். சின்னப் பங்குக்கு ஒத்துக்கொள்பவர் 30 என்பதை 34 ஆகத் தள்ளினால், அதே முதலீட்டுக்குப் பிறகும் 27 க்கு மேல் நிற்பார். பேரம் பேசுவதென்றால் அந்த இடத்தில் பேசுங்கள்.

புள்ளி போட்டுப் பிரிப்பது

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஃபிராங் டெம்லர் ஒரு அட்டவணை முறை வைத்தார். யோசனை, வியாபாரத் திட்டம், துறை அறிவு, ஈடுபாடும் ஆபத்தும், பொறுப்பு என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் எடை, ஒவ்வொருவருக்கும் புள்ளி. பெருக்கிக் கூட்டினால் வீதம் வரும்.

கணக்கு அழகாக இருக்கும், ஆனால் எடையை யார் தீர்மானிக்கிறாரோ அவர்தான் விடையையும் தீர்மானிக்கிறார். "யோசனை" என்ற வரிக்கு அதிக எடை போட்டால் வெட்டு மெசின் செயலி தன் வாயில் முதலில் வந்தது என்பவருக்கு லாட்டரி. அந்த யோசனை எந்த மெசின்காரருக்கும் வந்திருக்கும். இந்த அட்டவணையைப் பேச்சைத் தொடக்கி வைக்கப் பயன்படுத்தலாம். ஆளுக்கு ஒன்று தனித்தனியாக நிரப்பி, எங்கே புள்ளி வித்தியாசமாக இருக்கிறது என்று பார்த்தால் போதும், கூட்டுத்தொகை தேவையில்லை.

உழைத்த அளவுக்கு ஓடும் பங்கு

மைக் மோயர் என்பவரின் முறை இது. வீதத்தை முதலே முடிவு செய்யாமல், ஒவ்வொருவரும் ஆபத்தில் போடுவதைக் கணக்கெடுத்துக்கொண்டே போவது. வாங்காத சம்பளத்தை இரண்டால் பெருக்குவது, போட்ட காசை நாலால் பெருக்குவது. கிடைக்கும் எண்ணிக்கையின் விகிதம்தான் பங்கு.

நம் கடற்கரைக்காரருக்கு இது புதிதல்ல. கரைவலையில் பாட்டை, அதாவது அன்று பட்ட மீனை, வித்துச் செலவு கழித்து, வள்ளம்-வலைக்கு இவ்வளவு, இழுத்த ஆளுக்கு இவ்வளவு என்று அன்றன்றைக்குப் பிரிப்பார்கள். இன்றைக்கு இழுக்க வராதவருக்கு இன்றைய பங்கு இல்லை. மோயரின் முறையும் அதே ஒழுங்கு, ஆனால் இங்கே மீன் இன்னும் கடலில்தான் இருக்கிறது, அதனால் பங்கு என்பது வெறும் புள்ளிக் கணக்கு.

நம் சோடிக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லடிக்காரரின் எட்டு மாதச் சம்பளம் 12 லட்சம், இரண்டால் பெருக்க 24. சம்மாந்துறைக்காரரின் அரைநேரம் 4.8 லட்சம், இரண்டால் பெருக்க 9.6. அவருடைய காசு 5 லட்சம், நாலால் பெருக்க 20. மொத்தம் 53.6. கல்லடிக்காரருக்கு 44.8 வீதம், சம்மாந்துறைக்காரருக்கு 55.2 வீதம்.

இப்போது அந்த 5 லட்சத்தைக் கடனாக எழுதிவிட்டு உழைப்பை மட்டும் பாருங்கள். 24 உம் 9.6 உம். கல்லடிக்காரர் 71.4 வீதம், சம்மாந்துறைக்காரர் 28.6 வீதம். ஆட்கள் அதே, வேலை அதே, காசு அதே. ஒரு காசோலைக்கு என்ன பெயர் வைத்தோம் என்பதில் கம்பனியின் முதலாளி மாறிவிட்டார். மூன்று கணக்கையும் முதலில் பிரியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

இந்த முறை முதல் ஒன்றரை வருடத்துக்குப் பொருந்தும். அதற்கு மேல் போகாது. நேரக் குறிப்பு எழுதவேண்டும், அதை மற்றவர் நம்பவேண்டும். கோட் எழுதுபவருக்கு நேரம் காட்டுவது சுலபம், எல்லாம் பதிவாகி இருக்கும். இரவு பதினொரு மணிக்கு ஒரே மெசின் இரண்டு வட்டைக்குப் பதிவாகிவிட்டதைத் திருத்தினார் என்றால் அதற்குச் சாட்சி உண்டு. ஆனால் நிந்தவூரில் ஒரு மெசின் முதலாளியின் வீட்டு மரண வீட்டுக்குப் போய் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்தது வேலையா இல்லையா? அந்த ஊரில் அதுதான் வேலை. அதை நேரக் குறிப்பில் எழுத யாருக்கும் மனம் வராது. அதனால் இந்த முறை தன்னை அறியாமலே தொழில்நுட்பக்காரர் பக்கம் சாயும்.

பங்கே கொடுக்காமல்

வியாபாரம் பார்ப்பவர்களுக்கு ஒரு ஆசை வரும்: பெடியனுக்குச் சம்பளம் கொடுத்துச் செயலியை எழுதி வாங்கினால் முழுக் கம்பனியும் நமக்குத்தானே. செயலி ஒரு முறை எழுதி முடிகிற பொருளாக இருந்தால் அது சரி. கடைக்கு ஒரு இணையத்தளம், மில்லுக்கு ஒரு கணக்கு மென்பொருள் என்றால் காசு கொடுத்து வாங்குங்கள், பங்கைப் பற்றி வாயே திறக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபிறகு முதல் பதிப்பை எழுதும் செலவும் இறங்கிவிட்டது.

ஆனால் வெட்டு மெசின் செயலி முதல் அறுவடையிலேயே உடையும். வட்டைக்குள் சிக்னல் இருக்காது, குறுஞ்செய்தியிலும் பதிய வழி வேண்டும். செயின் மெசின் இறங்கும் வயல் எது, புதையும் வயல் எது என்று செயலிக்குத் தெரியவேண்டும். அந்தக் கிழமை இரவில் தூங்காமல் திருத்துபவர் சம்பளக்காரராக இருக்க மாட்டார்.

மறுபக்கமும் உண்டு. கோட் எழுதுபவர் வியாபாரம் பார்ப்பவரைத் தரகுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. நம் ஊரில் அது இன்னும் மோசமாக முடியும், ஏனென்றால் மெசின்காரர் நம்புவது செயலியை அல்ல, நானாவை.

போனால் என்ன செய்வது

எந்த வீதத்தை எடுத்தாலும் ஒரு கேள்வி மிச்சம். ஒருவர் போய்விட்டால்? நம் மாவட்டங்களில் பங்காளி சண்டை பிடித்துப் போவதைவிட, விசா வந்து போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கட்டார், கனடா, அவுஸ்திரேலியா. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் பாதிப் பங்கோடு டொரொன்டோவில் ஒருவர் இருக்க, இங்கே மற்றவர் வட்டையில் நின்று உழைத்தால் அது இரண்டு போகத்துக்கு மேல் தாங்காது.

உலகம் முழுக்க வழக்கத்தில் உள்ள மருந்து, பங்கை நாலு வருடத்தில் மாதம் மாதமாக உரித்தாக்குவது. முதல் 12 மாதத்துக்குள் போனால் ஒன்றுமில்லை. 1,000 பங்கில் ஆளுக்கு 500 என்று வைப்போம். கல்லடிக்காரர் 14 ஆவது மாதம் கட்டாருக்குப் போகிறார். 48 இல் 14 மாதம், அதாவது 145 பங்கு அவருடையது, 355 திரும்பவேண்டும்.

எங்கே திரும்பவேண்டும் என்பதைக் கவனியுங்கள். கம்பனி அதைத் திரும்ப வாங்கினால் அந்தப் பங்குகள் இல்லாமல் போகும். மிச்சம் 645, அதில் அவருக்கு 145, கிட்டத்தட்ட 22.5 வீதம். அதே 355 ஐ மற்றப் பங்காளிக்கு மாற்றினால் மொத்தம் 1,000 ஆகவே இருக்கும், அவருக்கு 14.5 வீதம். ஒரே வாசகத்தில் ஒரு சொல் மாறினால் 8 வீதம் நகர்கிறது. கம்பனி திரும்ப வாங்குவதற்கு அமைப்பு விதிகளில் இடம் இருக்கவேண்டும், கடன் தீர்க்கும் ஆற்றல் பரிசோதனையிலும் தேறவேண்டும். ஓட்டாண்டியாக நிற்கும் புதுக் கம்பனிக்கு அது முடியாமல் போகலாம். அதனால் மற்றப் பங்காளிக்கு ஒரு பெயரளவு விலைக்கு மாற்றுவது என்று எழுதி, இரண்டாவது வழியாகக் கம்பனி வாங்குவதைப் போடுவது நடைமுறைக்கு ஏற்றது.

30 ஆவது மாதம் போனால் 312 பங்கு அவரிடம் இருக்கும். மற்றவருக்கு மாற்றினாலும் 31 வீதம், விசேட தீர்மானத்தை மறிக்கும் பலம். கட்டாரில் இருந்து ஒருவர் அமைப்பு விதியை மறித்துக்கொண்டிருக்கக்கூடாது என்றால், விலகியவரின் பங்குக்கு இலாபம் உண்டு, வாக்கு இல்லை என்று விதியில் எழுதுங்கள். வாக்குரிமை இல்லாத பங்குகளைச் சட்டம் அனுமதிக்கிறது.

போவது என்பதில் மரணமும் அடக்கம். யாரும் பேச விரும்ப மாட்டார்கள். சம்மாந்துறைக்காரரின் பங்கு, மரணசாசனம் எழுதாவிட்டால், 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைச் சட்டப்படி மனைவி, மக்கள், பெற்றோர் என்று துண்டு துண்டாகும். கல்லடிக்காரரின் பங்கு, அவரும் எழுதாவிட்டால், பொதுச் சட்டப்படி பாதி மனைவிக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போகும். ஒரே கம்பனியில் இரண்டு வாரிசு முறை. உயிரோடு இருக்கும் பங்காளி ஒரு திகதிக்குள் மதிப்பிட்ட விலையில் அந்தப் பங்கை வாங்கும் உரிமையை இப்போதே எழுதிவைத்தால், அவருக்கும் சரி, குடும்பத்துக்கும் சரி, அலைச்சல் இல்லை.

கோட் எழுதுபவர் போகும்போது எழுதிய நிரலையும் கொண்டுபோகலாமா? கம்பனி பதிய முன் எழுதியது அவருடையது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலைப் பதிப்புரிமைப் பாதுகாப்புக்குள் வைக்கிறது, அந்த உரிமையை மாற்றுவது எழுத்தில் இருக்கவேண்டும். அவருக்குப் பங்கு கொடுக்கும் அன்றே அந்த எழுத்தையும் வாங்குங்கள். வேறு கம்பனியில் வேலை செய்துகொண்டு இரவில் எழுதியிருந்தால், அந்த வேலை ஒப்பந்தத்தையும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வேலைக்காக எழுதியதற்குப் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறாகச் சொல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குத்தான்.

இதில் ஒரு அநியாயம் இருப்பதையும் சொல்லவேண்டும். நிரலை எழுத்தில் ஒப்படைக்கலாம், போன் நம்பர்களையும் முகப் பழக்கத்தையும் ஒப்படைக்க முடியாது. கையொப்பம் வைத்த மறுநாள் கல்லடிக்காரரின் கையில் இருந்த பிடி கம்பனிக்குப் போய்விடும், சம்மாந்துறைக்காரரின் பிடி அவரிடமே இருக்கும். அதனால் உரிமை மாற்றும் எழுத்தும் பங்கு வெளியீடும் ஒரே நாளில், ஒரே மேசையில் நடக்கவேண்டும். ஒன்று இன்றைக்கு, மற்றது பிறகு என்று விடாதீர்கள்.

நான் இவர்களுக்கு எதை எடுப்பேன்

பிரைவட் லிமிட்டட் கம்பனி. 5 லட்சம் வட்டியில்லாக் கடன், அதற்காகச் சம்மாந்துறைக்காரருக்கு 6 வீதம் தனியாக. கல்லடிக்காரரின் எட்டு மாதத்துக்கு, முழு 12 லட்சம் அல்ல, பேசி ஒரு 6 லட்சம் சம்பளப் பாக்கி. பின்னால் வரும் ஊழியர்களுக்கு 10 வீதம் வெளியிடாமல் ஒதுக்கி, மூன்றாவது ஆளுக்கு 2. மிச்சம் 82 வீதத்தையும் சமமாக, ஆளுக்கு 41, நாலு வருடத்தில் உரித்தாகுமாறு.

சமமாக ஏன்? எழுதப்போகும் நிரலும், மெசின்காரரைச் சம்மதிக்க வைக்கப்போகும் பேச்சும் ஒன்றுக்கொன்று குறைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவது ஆள் இருப்பதால் முட்டுக்கட்டைக்கும் வழி இருக்கிறது. சம்மாந்துறைக்காரர் மொத்தமாக 47 வைத்திருந்தாலும் தனியே பாதியைத் தாண்ட மாட்டார் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைப்போம். அங்கேதான் பிடி. ஊழியர் ஒதுக்கீடு வெளியிடாமல் இருக்கும் வரை எண்ணப்படும் வாக்குகள் 90 தான், அதில் 47 என்றால் 52 வீதம். அதனால் அந்த 6 வீதத்தை வாக்கில்லாப் பங்காகக் கொடுப்பேன். காசுக்குக் காசு வரட்டும், கதிரை வேண்டாம்.

இதை நான் மாற்றுவது ஒரு இடத்தில்தான்: சம்மாந்துறைக்காரர் அரைநேரமாகவே இருந்துவிடுவார் என்றால். அப்போது சமம் இல்லை. அவர் மில்லைத் தம்பிமாரிடம் விட்டு முழுநேரம் வரும் திகதியை உடன்படிக்கையில் எழுதி, வராவிட்டால் அன்றிலிருந்து அவருடைய பங்கு பாதி வேகத்தில்தான் உரித்தாகும் என்று போடவேண்டும். "நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று கேட்பார். "இருக்கு நானா, அதுதான் எழுதச் சொல்றன்" என்று சொல்லிவிட்டுப் பேனையைக் கொடுக்கலாம். இதையெல்லாம் தை மாதத்துக்கு முன் கம்பனிச் செயலாளரோடும் சட்டத்தரணியோடும் இருந்து முடித்துவிடுங்கள். அறுவடை தொடங்கிவிட்டால் இருவருக்கும் மெசின்காரரின் போன் எடுக்கவே நேரம் போதாது.